உப்புநீர் மீன்தொட்டிக்கு எந்தத் தண்ணீர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கடல் மீனும் பவளமும் வளர்ப்பவர்களுக்கு மீனைவிடத் தண்ணீர்தான் பெரிய தலைவலி. செயற்கைக் கடலுப்பைக் கலக்கவும், ஆவியாவதை ஈடுகட்டவும் உப்பு நீங்கிய சுத்த நீர் வேண்டும். மெட்ரோ தண்ணீர், போர், லாரி என்று மூன்றும் ஒரே சம்ப்பில் கலக்கிற ஊர் இது. போன மாதம் 300 காட்டிய டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) இந்த மாதம் 1,200 காட்டும். கீழே வரும் கணக்குகள் எல்லாம் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டிக்கானவை. அதன் கொள்ளளவு 255 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடைவெளி போக உள்ளே நிற்கும் தண்ணீர் ஏறத்தாழ 200 லிட்டர்.

நாம் குடிக்கிற தண்ணீர் மீனுக்கு ஆகாதா?

உப்புநீர்த் தொட்டிக்கு ஆகாது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 நைட்ரேட்டை லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. பவளத் தொட்டியில் 10 தாண்டினாலே பாசியைச் சுரண்ட ஆள் தேடவேண்டி வரும். செம்புக்கு அதே தரத்தில் 0.05 மி.கி.; வேறு நீராதாரம் இல்லையென்றால் 1.5 மி.கி. வரை போகலாம். வெண்புள்ளி நோய்க்கு மீன்களைத் தனித்தொட்டியில் வைத்துச் செம்பு மருந்து கொடுக்கிறார்களே, அதன் அளவே 0.15 முதல் 0.20 மி.கி.தான். அந்த அளவில் நத்தை, இறால், பவளம் எதுவும் பிழைக்காது.

இன்னொன்று, தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். அதில் கரைந்திருந்தது எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். நாளுக்கு 3 லிட்டர் ஆவியாகிறது, அதை லிட்டருக்கு 20 மி.கி. நைட்ரேட் உள்ள போர் தண்ணீரால் நிரப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 90 லிட்டர், 1,800 மி.கி. நைட்ரேட். 200 லிட்டரில் அது லிட்டருக்கு 9 மி.கி. மீனுக்கு ஒரு பருக்கை தீனி போடாமலே இவ்வளவு ஏறும்.

மாதம் எவ்வளவு சுத்த நீர் வேண்டும்?

வாரம் 10 சதவீதம் மாற்றினால் 20 லிட்டர், மாதம் 80. ஆவியாவதற்கு ஈடாக 90. மொத்தம் 170 லிட்டர். சித்திரை வெயிலில் தொட்டிமேல் ஃபேன் ஓட்டிக் குளிர்விப்பவர்களுக்கு நாளுக்கு மொத்தம் 5 லிட்டர் வரை போகும். அவர்கள் 230 என்று வைத்துக்கொள்வது நல்லது. முதல்முறை நிரப்ப 200 தனி.

வீட்டில் கிச்சன் ஆர்ஓ இருக்கிறது. அதிலிருந்தே பிடிக்கலாமா?

குழாயில் வருவதை அப்படியே பிடிக்கக் கூடாது. ஆனால் அதே மெஷினிலிருந்து நல்ல தண்ணீர் எடுக்க முடியும். வித்தியாசம் எந்த இடத்தில் பிடிக்கிறோம் என்பதில் இருக்கிறது.

மெஷினுக்குள் தண்ணீர் போகும் பாதை பெரும்பாலும் இப்படி: வெளியே தொங்கும் பிரீ ஃபில்டர், தூசியைப் பிடிக்கும் செடிமென்ட், குளோரினைப் பிடிக்கும் கார்பன், 24 வோல்ட் பம்ப், உப்பைத் தடுக்கும் மெம்பிரேன். மெம்பிரேனைத் தாண்டியதும் கிடைப்பது உண்மையிலேயே சுத்தமானது. 800 டிடிஎஸ் உள்ளே போனால் 20 முதல் 40 வெளியே வரும். அதற்கப்புறம்தான் கெடுக்கிறார்கள், நம் நாக்குக்காக. டிடிஎஸ் கன்ட்ரோலர் என்ற சின்னத் திருகு, கார்பனைத் தாண்டிய, உப்பு நீங்காத பச்சைத் தண்ணீரில் கொஞ்சத்தை மெம்பிரேனுக்குப் போகவிடாமல் நேராகக் கொண்டுவந்து கலக்கிறது. அடுத்து மினரல் கார்ட்ரிட்ஜ். சில மாடல்களில் ஆல்கலைன், காப்பர் என்று இன்னும் இரண்டு.

செய்யவேண்டியது: மெம்பிரேன் ஹவுசிங்கின் ஒரு முனையில் இரண்டு கால் அங்குலக் குழாய்கள் வெளியே வரும். ஒன்று கழிவு, அதில் கழிவின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எஃப்ஆர் என்ற சின்ன உருளை மாட்டியிருக்கும். மற்றொன்று சுத்த நீர். இந்தச் சுத்த நீர்க் குழாயில், டிடிஎஸ் கன்ட்ரோலருக்கு முன்னால், ஒரு டீ (மூன்று வழி இணைப்பு) போட்டு, ஒரு கிளையில் பால் வால்வு வைத்துத் தனிக் குழாய் இழுத்துக்கொள்ளுங்கள். டீக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் ஒரு நான் ரிட்டர்ன் வால்வும் வேண்டும். இல்லாவிட்டால் கன்ட்ரோலர் வழியாகப் பச்சைத் தண்ணீர் பின்னால் ஏறிவந்து உங்கள் கிளையில் கலந்துவிடும். டீ போட்டும் டிடிஎஸ் குறையவில்லை என்று புலம்புகிறவர்களின் வீட்டில் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். கன்ட்ரோலர் திருகை முழுக்க மூடினால் போதாதா என்றால், மூடினாலும் கசியும் திருகுகளே அதிகம்.

வேலை முடிந்ததும் உள்ளே போகும் தண்ணீரையும் கிளையில் வருவதையும் அளந்து பாருங்கள். 500 போய் 15 வந்தால் 97 சதவீதம் தடுக்கிறது, புது மெம்பிரேனுக்கு உரிய எண். 90க்குக் கீழே போனால் மெம்பிரேன் மாற்றும் காலம்.

என் மெஷின் காப்பர் மாடல். உடம்புக்கு நல்லது என்று வாங்கியது.

உடம்புக்கு எப்படியோ, தொட்டிக்கு விஷம். செம்பு கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். ஏற்கெனவே அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டிருந்தால், செம்பை உறிஞ்சும் ரெசினையோ நல்ல கார்பனையோ ஃபில்டரில் போட்டு, வாரம் 20 சதவீதமாகத் தண்ணீர் மாற்றி, செம்பு டெஸ்ட் கிட்டில் எதுவும் தெரியாத நிலை வந்த பிறகும் ஒரே ஒரு நத்தையை விட்டுப் பார்த்துவிட்டே மேலே போங்கள்.

20 லிட்டர் கேன்?

அவசரத்துக்கு மட்டும். கேன் தண்ணீரும் ஆர்ஓவில் வந்ததுதான், ஆனால் கால்சியமும் மெக்னீசியமும் சேர்த்து விற்கிறார்கள். ஒவ்வொரு கேனையும் திறந்து அளந்தால் ஒரே கம்பெனியிலேயே 40, 90, 130 என்று வரும். பக்கத்தில் சின்ன வாட்டர் பிளான்ட் இருந்தால் நேரில் போய், மெம்பிரேனுக்கு அடுத்து, மினரல் கலக்குமுன் பிடித்துத் தரச் சொல்லுங்கள். உங்கள் கேனை நீங்களே கொண்டுபோங்கள், டிடிஎஸ் மீட்டரும் கையில் இருக்கட்டும். 30க்குள் இருந்தால் வீட்டில் டிஐ (மிச்ச உப்பையும் பிடிக்கும் ரெசின் ஃபில்டர்) வழியாக விட்டுப் பயன்படுத்தலாம். கொளத்தூர் மீன் சந்தைப் பக்கம் கலந்த உப்புநீர் வாங்கினாலும் இதே ஒழுங்குதான்: உப்பளவை அங்கேயே அளந்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பேட்டரி தண்ணீர் ஊற்றலாம் என்கிறார்களே?

கணக்குப்படி சரிதான். பேட்டரிக்கு ஊற்றும் டிஎம் வாட்டர் என்பது டிஐ முறையில் உப்பெல்லாம் நீக்கிய தண்ணீர். சிக்கல் கேனில். பேட்டரி கடையில் ஆசிட் கேனும் தண்ணீர்க் கேனும் அக்கம்பக்கமாக இருக்கும், பழைய கேனை அலசி நிரப்பும் இடங்களும் உண்டு. சீல் உடையாத கேன், மீட்டரில் 0 அல்லது 1, வாசனை இல்லை என்றால் சின்ன நானோ தொட்டிக்குத் தாராளமாக. மாதம் 170 லிட்டருக்கு இது கட்டுப்படி ஆகாது.

ஏசி தண்ணீர்?

வேண்டாம். மீட்டரில் 10, 20 என்று அழகாகக் காட்டும். அது வழிந்து வருவதே செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் உள்ள காயிலின் மேல்தான்.

மழைநீர்?

ஐப்பசி, கார்த்திகையில் ஆசை வரத்தான் செய்யும். முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு, ஓட்டிலோ தகரத்திலோ படாமல், சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீர் 10–20 டிடிஎஸ்தான் இருக்கும். மொட்டை மாடியில் வழிந்து வந்தால் சிமென்ட், பறவை எச்சம், வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு எல்லாம் கூடவே வரும். எப்படிப் பிடித்தாலும் கார்பன், டிஐ இரண்டையும் கடந்த பிறகே தொட்டிக்கு.

கடல் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது உப்பு வாங்கிக் கலப்பானேன்?

நல்ல இடத்தில், நல்ல காலத்தில் எடுத்தால் கடல்நீரே போதும். கூவம், அடையாறு முகத்துவாரங்களுக்கு அருகே எடுக்கக் கூடாது. துறைமுகம் பக்கமும் கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் அதற்குப் பின் சில வாரங்களிலும் கரையோர நீரில் ஆற்று நீர் கலந்து உப்பளவு சட்டென்று இறங்கிவிடும். ஆயிரத்துக்கு 35 இருக்கவேண்டிய இடத்தில் 30க்குக் கீழே அளக்கலாம். எடுத்து வந்ததைத் துணியிலோ ஃபில்டர் சாக்கிலோ வடிகட்டி, மூடிய டிரம்மில் இருட்டில் இரண்டு வாரம் வைத்து, அடியில் தங்கியதை விட்டுவிட்டு மேல்நீரை எடுங்கள். உப்பளவு குறைவாக இருந்தால் செயற்கை உப்பால் சரிசெய்யலாம். கூடிப்போனால் அங்கேயும் ஆர்ஓ தண்ணீர்தான். தினமும் ஆவியாவதை ஈடுகட்டவும் அதுவேதான், ஆகவே கடல்நீர் எடுப்பவருக்கும் சுத்த நீர் வேண்டாம் என்று ஆகிவிடாது.

போகிற வழியில் ஒரு சொல்: கரையில் கிடந்தாலும் பவளத் துண்டு எதையும் பையில் போடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளங்கள் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

மீன்தொட்டிக்கென்றே தனி ஆர்ஓ டிஐ பூட்டுகிறேன். என்னென்ன வேண்டும்?

வரிசை முக்கியம். முதலில் 5 மைக்ரான் செடிமென்ட். அடுத்து கார்பன் பிளாக் ஒன்று. லாரி தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் அதிகம் வந்தால் இரண்டு. பிறகு பம்ப், மெம்பிரேன், எஃப்ஆர், கடைசியாக டிஐ. போர் தண்ணீர் என்றால் செடிமென்ட் 20, 5 என்று இரண்டு அடுக்கு போட்டால் கார்பன் சீக்கிரம் அடைக்காது.

75 ஜிபிடி (நாளுக்கு 75 கேலன்) மெம்பிரேன் போதும். பெயர்ப்பலகைக் கணக்கு நாளுக்கு 284 லிட்டர், மணிக்கு 12க்குக் கொஞ்சம் கீழே. அது 25 டிகிரி வெப்பமும் போதிய அழுத்தமும் இருந்தால்தான். மேல்தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு ஒரு மாடி உயரத்துக்கு 4 பிஎஸ்ஐ அழுத்தம்தான் கிடைக்கும். அதனால் பம்ப் இல்லாமல் நம் வீடுகளில் மெம்பிரேன் வேலை செய்யாது. மெம்பிரேனுக்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜ் மாட்டி 60 முதல் 80க்குள் வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் 40க்கு இறங்கினால் தண்ணீர் குறைவாக வருவதோடு அதன் தரமும் கெடும்.

எஃப்ஆரைக் கழற்றிவிட்டால் அழுத்தமே நிற்காது, எல்லாம் கழிவில் போகும். எஃப்ஆர் அடைத்துக்கொண்டால் கழிவே போகாமல் சுண்ணாம்பு முழுக்க மெம்பிரேன்மேல் படியும். கழிவு வேகத்தை மாதம் ஒருமுறை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்துக் கடிகாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 450 என்று குறித்த எஃப்ஆர் என்றால் ஒரு லிட்டர் நிரம்ப இரண்டே கால் நிமிடம் பக்கம் ஆகும்.

மெக்கானிக் ஒரு சின்ன கார்ட்ரிட்ஜில் வெள்ளை உருண்டைகள் போட்டு, சுண்ணாம்பு பிடிக்காமல் இருக்கும் என்பார். அது பாஸ்பேட் உப்பு. நல்ல மெம்பிரேன் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், ஆனால் மெம்பிரேன் கிழிந்தாலோ ஓ ரிங் நழுவினாலோ பாஸ்பேட் நேராக டிஐக்கு வரும். மீன்தொட்டி லைனில் அதைப் போடாமல், கடின நீருக்குக் கழிவு விகிதத்தைக் கூட்டிக்கொள்வதே மேல்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் சாஃப்ட்னர் இருக்கிறது. டிஐ மட்டும் போட்டால் போதுமா?

போதாது. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தைக் கொடுக்கிறது. டிடிஎஸ் அப்படியே இருக்கும். மெம்பிரேனுக்கு அது வரப்பிரசாதம், சுண்ணாம்பு பிடிக்காது. டிஐக்கு ஒரு பயனும் இல்லை.

டிஐ ரெசின் எவ்வளவு நாள் வரும்?

நாளை விட்டுவிட்டு லிட்டரில் கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் மிக்ஸட் பெட் ரெசின் கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 27 கிராம் உப்பைப் பிடிக்கும். உள்ளே வருவது 10 டிடிஎஸ் என்றால் 2,700 லிட்டர். 30 என்றால் 900. ஆர்ஓவே இல்லாமல் 800 டிடிஎஸ் போர் தண்ணீரை நேராக விட்டால் 34 லிட்டரில் தீர்ந்துபோகும். நடைமுறையில் இதில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். மெம்பிரேனைப் பார்த்துக்கொண்டால் ரெசின் செலவு தானாகக் குறையும் என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டியதில்லை.

மெம்பிரேன் நன்றாக இருந்தும் ரெசின் சீக்கிரம் தீர்கிறதா? கரியமில வாயுவைச் சந்தேகப்படுங்கள். அது மெம்பிரேனைச் சுலபமாகக் கடந்துவிடும், டிடிஎஸ் மீட்டரில் சரியாகத் தெரியாது, ஆனால் ரெசினைத் தின்றுவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரில் இது சகஜம். சோதனை எளிது: போரிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரின் பிஎச் அளந்து, ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் கழித்து மறுபடி அளங்கள். அரைப் புள்ளிக்கு மேல் ஏறினால் வாயு அதிகம். அப்போது ஆர்ஓ தண்ணீரை ஒரு டிரம்மில் சேர்த்து, இரவு முழுக்கக் காற்றடித்து, மறுநாள் சின்ன பம்ப் வைத்து டிஐ வழியாக விடுங்கள்.

ஒவ்வொரு முறை மெஷினைப் போடும்போதும் முதல் ஒன்றிரண்டு லிட்டரை டிஐக்குள் விடாமல் வெளியே விட்டுவிடுங்கள். மெஷின் நின்றிருக்கும் நேரத்தில் மெம்பிரேனின் அந்தப் பக்கத்து உப்பு இந்தப் பக்கம் ஊறிவந்திருக்கும். 15 காட்டும் மெம்பிரேன் முதல் நிமிடத்தில் 80 காட்டுவது அதனால்தான். தினம் ஐந்து ஐந்து லிட்டராகப் பிடிப்பதைவிட வாரம் ஒருமுறை 40 லிட்டர் பிடிப்பது ரெசினுக்கு நல்லது.

மீட்டரில் 0 காட்டுகிறது. ஆனாலும் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புத் தூசி படிகிறது.

தொட்டி வைத்து இரண்டு மாதம் ஆகவில்லை என்றால் விடுங்கள், அது தானாக வந்து தானாகப் போகும் டயாட்டம் என்ற நுண்பாசி. பழைய தொட்டியில் திரும்ப வந்தால் காரணம் பெரும்பாலும் சிலிக்கா. பாறை நிலத்துப் போர் தண்ணீரில் அது தாராளம். சிலிக்கா கரைந்திருந்தாலும் மின்னூட்டம் அநேகமாக இருக்காது. டிடிஎஸ் மீட்டர் அளப்பதோ மின் கடத்தலை மட்டும். ரெசினும் அதைத் தளர்வாகத்தான் பிடித்து வைக்கும். ரெசின் நிறையும்போது வலுவான அயனிகள் வந்து சிலிக்காவைத் தள்ளிவிட, அதுவரை சேர்ந்தது மொத்தமாக வெளியே வரும், மீட்டர் இன்னும் 0 காட்டிக்கொண்டிருக்கும்போதே. ஆகவே 1 காட்டும்வரை காத்திராமல் முன்பே ரெசின் மாற்றுங்கள். அல்லது இரண்டு டிஐயை வரிசையாக மாட்டி, முதலாவது நிறம் மாறியதும் அதைக் கழற்றி, இரண்டாவதை முன்னால் போட்டு, பின்னால் புதியதை வையுங்கள்.

ஆன்டி குளோரின் சொட்டு விட்டால் குழாய்த் தண்ணீர் சரியாகிவிடாதா?

குளோரின் போகும். நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கா, செம்பு எதுவும் போகாது. நன்னீர்த் தொட்டிக்காரர்களின் பழக்கம் இங்கே உதவாது.

குளோரினுக்கு வேறு ஒரு விஷயம் உண்டு: அது மெம்பிரேனை அரிக்கும். லாரி வந்த அன்றும், சம்ப்பில் பிளீச்சிங் போட்ட அன்றும், கார்பனைத் தாண்டிய தண்ணீரில் குளோரினைக் காட்டும் ஓடிஓ சொட்டு விட்டுப் பாருங்கள். மஞ்சள் நிறம் வந்தால் கார்பன் தீர்ந்துவிட்டது.

கழிவுத் தண்ணீரை என்ன செய்வது?

800 டிடிஎஸ் உள்ளே போய், நான்கில் ஒரு பங்கு சுத்த நீராக வந்தால், கழிவில் 1,050 பக்கம் இருக்கும். மாதம் 170 லிட்டருக்கு 510 லிட்டர் கழிவு. தரை துடைக்க, கழிவறைக்கு, வண்டி கழுவ ஆகும். செடிக்கு வேண்டாம், தென்னைக்கு வேண்டுமானால் ஊற்றலாம்.

சுத்த நீரை எதில் சேமிப்பது?

உணவுத்தரப் பிளாஸ்டிக் டிரம், மூடியோடு. பழைய ரசாயன டிரம் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். பித்தளை வால்வு, ஜிஐ நிப்பிள், செம்புக் குழாய் எதுவும் டிஐக்குப் பின்னால் இருக்கக் கூடாது. உப்பில்லாத தண்ணீர் உலோகத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். சேமித்த நீரின் பிஎச் 6க்குக் கீழே காட்டினால் பயப்படாதீர்கள். காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்ததால் வருவது அது. உப்பு கலந்ததும் சரியாகிவிடும்.

உப்பு கலக்கும்போது வெள்ளையாகக் கலங்கி அடியில் படிகிறது. உப்பு போலியா?

அநேகமாக இல்லை, கலந்த முறை தவறு. உப்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் அடியில் கெட்டியான கரைசல் உருவாகி, கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து சுண்ணாம்பாக விழும். விழுந்தது திரும்பக் கரையாது, காரத்தன்மை குறைந்துபோன தண்ணீர்தான் மிஞ்சும்.

20 லிட்டர் தண்ணீரை முதலில் வையுங்கள், 25–27 டிகிரி. மணிக்கு 1,000 லிட்டர் தள்ளும் பம்ப் ஓடட்டும். 760 கிராம் உப்பைக் கைப்பிடி கைப்பிடியாக, முந்தையது கரைந்த பிறகு அடுத்ததாகப் போடுங்கள். உப்புக்கு உப்பு லிட்டருக்கு 36 முதல் 39 கிராம் வரை மாறும், பையில் உள்ளதைப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் திறந்து வைத்த பை தண்ணீரை உறிஞ்சிக் கட்டியாகிவிடும். அப்போது எடை கூடி, உப்பு குறைந்து அளக்கும். கடைசித் தீர்ப்பு உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில்: 35, அல்லது அடர்த்தி 1.026. அந்தக் கருவியையும் 35 அளவுத் திரவத்தில் சரிபார்த்திருக்க வேண்டும், வெறும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் மேலே பிசகும். பல மணி நேரம் ஓடவிட்டு, தெளிந்த பிறகு தொட்டிக்கு.

ஆவியானதைத் தானாக ஈடுகட்டும் ஆட்டோ டாப் அப் டிரம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

பெரிது வேண்டாம். ஃப்ளோட் சுவிட்சில் நத்தை ஏறி ஒட்டிக்கொண்டால் டிரம் முழுவதும் தொட்டிக்குள் போகும். 20 லிட்டர் டிரம் என்றால் உப்பளவு 35லிருந்து 32க்கு இறங்கும், மீன்கள் தாங்கும். 60 லிட்டர் என்றால் 27. ஆர்ஓ லைனை நேராகத் தொட்டியோடு இணைத்து, ஃப்ளோட் வால்வை நம்பி ஊருக்குப் போகவே கூடாது. ஊருக்குப் போகும் வாரத்தில் நாளுக்கு 3 லிட்டர் வீதம் பாட்டில்களில் நிரப்பி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டாரைத் தினமும் ஒன்று ஊற்றச் சொல்லுங்கள். உப்புநீர் டிரம்மை மட்டும் பூட்டி வைத்துவிடுங்கள்.